தூண்டிலில் சிக்கிய ராஜா!

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூச்சோங், காப்பார், செமினி பக்கமாகப் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சாலையோரத்தில் ஒரு பெரிய குட்டை. கரையில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஒரு சீனப் பெரியவர், இரண்டு மலாய் இளைஞர்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்று ஆளுக்கொரு தூண்டிலோடு நிற்பார்கள். மண்புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. பளபளவென்று மின்னும் பிளாஸ்டிக் மீன் ஒன்றைத் தூர வீசுவதும், ரீலைச் சுற்றி இழுப்பதும், மறுபடி வீசுவதுமாக இருப்பார்கள்.

"என்ன மீன் தம்பி மாட்டுது?" என்று கேட்டுப் பாருங்கள். "பி.பி. அண்ணே!" என்று பதில் வரும்.

பி.பி. என்றதும் இரத்தக் கொதிப்பு என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். 'பீகாக் பாஸ்' என்னும் மீனின் சுருக்கப் பெயர் அது. மலாய்க்காரர்கள் இதற்கு 'ஈக்கான் ராஜா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாலடியில் மயிற்கண் போன்ற ஒரு வட்டப் பொட்டு. உடம்பெல்லாம் மஞ்சளும் பச்சையும் கறுப்புப் பட்டையும். பார்த்தால் ராஜாவேதான்! ஆனால் இந்த ராஜா எந்த நாட்டு ராஜா? இங்கே எப்படி வந்தார்? வந்த இடத்தில் என்ன செய்து கொண்டிருக்கிறார்? இவற்றை நம் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பெயர் ஒன்று, மீன் மூன்று

'பாஸ்' என்ற ஆங்கிலப் பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல மீன்கள் உலவுகின்றன. அவற்றில் மூன்றை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, அமெரிக்காவின் ஏரிகளில் வாழும் பெருவாய் பாஸ். உலகம் முழுவதும் 'பாஸ் பிடிக்கும் விளையாட்டு' என்றால் இதைத்தான் சொல்வார்கள். இரண்டாவது, தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த நம் பி.பி. உண்மையில் இது நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் தெலாப்பியாவுக்கு உறவுக்காரன். இரண்டும் ஒரே குடும்பம். மூன்றாவது, கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்தில் வாழும் 'கடல் பாஸ்'. இதை ஆஸ்திரேலியர்கள் பாராமண்டி என்கிறார்கள். வங்காளிகள் பேட்கி என்கிறார்கள். நம் நாட்டில் சியாக்காப். தமிழகக் கடற்கரையில் இதன் பெயர் கொடுவா.

ஆக, சீன உணவுக் கடையில் எலுமிச்சைச் சாறும் பூண்டும் சேர்த்து ஆவியில் அவித்து வைக்கிறார்களே, அந்த சியாக்காப்பும், நம் தாத்தா பாட்டி கப்பலேறுமுன் நாகப்பட்டினத்துப் பக்கத்தில் சாப்பிட்டிருக்கக்கூடிய கொடுவாவும் ஒரே மீன்தான்!

ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறும் கொடுவா

மூன்றில் நமக்கு உரியது கொடுவாதான். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரம், கேரித் தீவு, கேத்தாம் தீவு என்று அலையாத்தி மரங்கள் வேர் பரப்பி நிற்கும் சேற்று நிலமெல்லாம் அதற்குத் தாய்வீடு. கேத்தாம் தீவைச் சுற்றிக் கடலில் மிதக்கும் வலைக் கூண்டுகளிலும் மீன் வளர்க்கிறார்கள்.

இந்த மீனின் வாழ்க்கையே ஓர் அதிசயம். பெரும்பாலான கொடுவா மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து இனம் பெருக்கிய பிறகு, அதே மீன் பெண்ணாக மாறிவிடுகிறது! பிறகு முட்டையிடுகிறது. ஒரு பெரிய தாய்மீன் இலட்சக் கணக்கில், சமயத்தில் கோடிக்கணக்கிலும் முட்டையிடும். ஆகவே நம் தூண்டிலில் ஐந்து கிலோ, பத்து கிலோ என்று பெரிய கொடுவா மாட்டினால், அது பெரும்பாலும் தாயாகத்தான் இருக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. சால்மன் மீன் கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கு ஏறும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். கொடுவா அதற்கு நேர்மாறு. ஆற்று நீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்தின் உப்பு நீருக்கு இறங்கும். ஆறும் கடலும் அதற்கு ஒரே வீட்டின் இரண்டு அறைகள். நடுவில் அணை கட்டினாலும், ஆற்றைச் சாக்கடையாக்கினாலும், அலையாத்திக் காட்டை வெட்டினாலும் அந்த வீடு இடிந்துவிடும்.

இதைக் கூண்டில் இனம் பெருக்கும் வழியை 1970களின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சொங்க்லாவில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே மலேசியாவிலும் மற்ற நாடுகளிலும் கொடுவா வளர்ப்புப் பெருகியது. இந்தியாவில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் இதில் வெற்றி கண்டது.

மழை நாளில் ஒரு விவசாயி

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம்.

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் நாள். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். நம் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, வேலை இழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அதே காலந்தான். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி. தந்தையை இழந்த குடும்பம். அன்று மழை. வயலில் வேலை செய்ய முடியாது.

மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது என்பது நமக்குத் தெரியாதா? அன்று லயத்து ஆண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் பெர்ரியும் செய்தார். தூண்டிலை எடுத்துக்கொண்டு நண்பரோடு மாண்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டில், ஒரே ஒரு பொய் இரை.

மாட்டிய மீனின் எடை 22 ராத்தல் 4 அவுன்ஸ்! கிலோவில் சொன்னால் பத்துக்குச் சற்று மேல். கடையில் நிறுத்துப் பார்த்து, எடையை எழுதி வாங்கிக்கொண்டு, மீனை வீட்டுக்கு எடுத்துப் போனார். உலக சாதனை மீனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிக்கா அனுப்பினார்? இல்லை. குடும்பமே உட்கார்ந்து சமைத்துச் சாப்பிட்டது! ஒரு பத்திரிகையின் மீன்பிடிப் போட்டிக்கு எடை விவரத்தை அனுப்பினார். 75 டாலர் பெறுமானமுள்ள பொருள்கள் பரிசாகக் கிடைத்தன.

பசிக்காகப் பிடித்த அந்த மீனின் சாதனையை, இலட்சக்கணக்கில் பணம் செலவழித்து விசைப்படகும் கருவிகளுமாக வந்தவர்களால் 77 ஆண்டுகள் தொடவே முடியவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரித்தா என்பவர் அதைவிட ஓர் அவுன்ஸ் கூட இல்லாத அளவுக்குக் கூடுதலான மீனைப் பிடித்தார். பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே இருவருக்கும் பங்கு. குரித்தாவைப் பொய்யறியும் கருவியில் உட்கார வைத்துச் சோதித்த பிறகுதான் சாதனையை ஒப்புக்கொண்டார்கள். மீன்காரன் பேச்சை உலகம் எங்கும் யாரும் எளிதில் நம்புவதில்லை போலும்!

விளையாட்டாக வளர்ந்த கதை

உண்ணப் பிடித்த மீன் எப்போது விளையாட்டு மீன் ஆனது? 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவர் பாஸ் மீனைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதுவரை துரைமார்கள் டிரவுட், சால்மன் மீன்களைத்தான் உயர்வாக நினைத்தார்கள். பாஸ் ஏழை வீட்டு மீன். ஹென்ஷால் அதன் பெருமையை எடுத்துச் சொன்ன பிறகுதான் மதிப்பு கூடியது.

மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பவர் ஒரு நண்பருக்காகக் குளக்கரையில் காத்திருந்தாராம். சும்மா இருக்காமல் ஒரு மரத்துண்டைச் செதுக்கி நீரில் வீச, அதைத் தீனி என்று எண்ணி ஒரு பாஸ் பாய்ந்து தாக்கியதாம். அந்த மரத்துண்டிலிருந்து ஒரு தொழிற்சாலையே பிறந்தது.

பின்லாந்தில் லவுரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் இன்னும் கெட்டிக்காரர். கூட்டத்தில் நூறு மீன் இருந்தாலும், காயம்பட்டுத் தள்ளாடும் ஒன்றைத்தான் பெரிய மீன் முதலில் தாக்குகிறது என்பதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவர் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசித் தள்ளாடும் பொய்மீன் ஒன்றைச் செய்தார். இன்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள தூண்டில் கடையில் உங்கள் மகன் 'ரப்பாலா' கேட்டு நச்சரித்தால், அது அந்த ஏழை மீனவரின் பெயர்தான் என்று சொல்லுங்கள். கவனித்துப் பார்க்கிற கண்தான் அவருக்கு இருந்த மூலதனம்.

1967இல் ரே ஸ்காட் என்ற காப்புறுதி முகவர் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் 106 பேரைச் சேர்த்து ஒரு போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டே பாஸ் தூண்டில்காரர்களுக்கு ஒரு சங்கம் கண்டார். 1971இல் நடந்த பெரிய போட்டியில் முதற் பரிசு பத்தாயிரம் டாலர். இத்தனை பேர் பிடித்துக் கொன்றால் ஏரியே காலியாகிவிடும் என்று உணர்ந்து, 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்ற பழக்கத்தைப் பரப்பினார். இன்று நம் குட்டைக் கரையில் பிள்ளைகள் மீனைப் பிடித்துப் படம் எடுத்துத் திரும்ப விடுகிறார்களே, அந்த வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஈயக் குட்டைக்கு வந்த ராஜா

1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்று வழியாக வந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் மடிந்தவர்கள் போக 18 பேரே மிஞ்சினார்கள் என்கிறது வரலாறு. அந்த ஈயத்தால் பிறந்த ஊர் கோலாலம்பூர். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கு தோண்டித் தோண்டிச் சல்லடையானது. 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் நிறைந்து ஏரிகளாகி நின்றன. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த சுங்கை பீசிப் பள்ளம் இன்று படகு விடும் ஏரி. தித்திவங்சா ஏரியும் பழைய ஈயப் பள்ளந்தான்.

சொந்த மீன் அதிகமில்லாத இந்தக் குட்டைகளில்தான் 1990களில் பி.பி. வந்து சேர்ந்தது. அழகுக்காக வளர்த்தவர்களும் விளையாட்டுக்காக விரும்பியவர்களும் கொண்டு வந்த மீன் அது. குட்டையில் விட்டார்கள், பெருகியது. பெருவெள்ளத்தில் குட்டை நிரம்பி ஆற்றோடு கலந்தது. ஒரு குட்டையில் பிடித்த குஞ்சுகளை வாளியில் போட்டு இன்னொரு குட்டையில் விட்டவர்களும் உண்டு. இன்று தீபகற்பத்தின் பல ஆறுகளிலும் அணைக்கட்டு ஏரிகளிலும் ராஜாவின் ஆட்சிதான்.

இப்படி வந்தேறிய மீன்களில் இது முதலாவதும் அல்ல. ஜப்பானியர் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்த தெலாப்பியாவை மலாய்க்காரர்கள் 'ஈக்கான் ஜெப்புன்' என்றார்கள். மரவள்ளிக் கிழங்கோடு பசியாற்றிய மீன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மீன் தொட்டியின் பாசியைச் சுத்தம் செய்ய வாங்கி வந்து, பெரிதானதும் சாக்கடையில் வீசிவிட்ட முள்ளோட்டு மீன் இன்று கிள்ளான் ஆற்றில் கூட்டங்கூட்டமாய்த் திரிகிறது. மாநகராட்சி செய்யும் துப்புரவு வேலையை இது செய்கிறது என்பதால் 'ஈக்கான் பண்டாராயா' என்று வேடிக்கைப் பெயர்.

பனாமாவில் நடந்தது

"ஒரு மீன் கூடுதலாக இருந்தால் என்ன நட்டம் சார்? பிடித்துச் சாப்பிட வேண்டியதுதானே?" என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. பதில் பனாமாவில் இருக்கிறது.

பனாமாக் கால்வாய்க்காக உருவாக்கப்பட்டது காட்டூன் ஏரி. 1960களின் பிற்பகுதியில் ஒரு வளர்ப்புக் குட்டையிலிருந்து தப்பிய பி.பி. மீன்கள் அந்த ஏரியில் புகுந்தன. சில ஆண்டுகளுக்குள் அங்கே ஏராளமாகத் திரிந்த சிறுமீன் வகைகளில் பெரும்பாலானவை காணாமற் போயின. 1973இல் இரண்டு அறிவியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மீன் குறைந்ததும் மீனை நம்பிய பறவைகள் குறைந்தன. கொசுப்புழுக்களைத் தின்னும் சிறுமீன்கள் இல்லாமற் போனதால் மலேரியாக் கொசு பெருகுமோ என்ற கவலையும் எழுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மறுபடி பார்த்தபோதும் பழைய மீன்கள் மீளவில்லை.

மலேரியா என்றால் நம் சமூகத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிள்ளான் வட்டாரத்தில் 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடிய வைத்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கும் முன்னர், தோட்டந்தோட்டமாக நம் முன்னோர் காய்ச்சலில் செத்தார்கள். ஒரு சிறுமீன் கொசுப்புழுவைத் தின்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு கதை ஆப்பிரிக்காவில். விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பேர்ச் என்ற பெரிய மீனை விட்டார்கள். வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான மீன் இனங்கள் அழிந்தன. அந்த நைல் பேர்ச் யார் தெரியுமா? நம் கொடுவாவின் ஒன்றுவிட்ட சகோதரன்! அங்கே அழிந்தவை பி.பி.யின் உறவினர்கள். ஆகவே எந்த மீனும் கெட்ட மீன் அல்ல. தன் ஊரில் நல்ல பிள்ளையாக இருப்பவன் அடுத்த ஊருக்குப் போய் வம்பனாகிறான், அவ்வளவுதான்.

பேரரசரின் வருத்தம்

ஜப்பானில் இதற்கு ஒரு பேரரசரே சாட்சி. 1960இல் பட்டத்து இளவரசராக அமெரிக்கா சென்ற அக்கிஹித்தோவுக்கு சிக்காகோ நகர மேயர் புளூகில் என்னும் சிறு மீன்களை அன்பளிப்பாகக் கொடுத்தார். உணவு மீனாக வளர்க்கலாம் என்று அவர் நாட்டுக்குக் கொண்டு வந்தார். அவை பெருகி ஏரிகளில் பரவின. 1925இலேயே கொண்டுவரப்பட்டிருந்த பெருவாய் பாஸும் சேர்ந்துகொள்ள, பீவா ஏரியின் பழைய மீன்கள் அருகிப் போயின. 2007இல் அந்த ஏரிக்கரையில் நடந்த விழாவிலே, தாம் கொண்டு வந்த மீனால் இந்த நிலை வந்ததே என்று பேரரசர் வெளிப்படையாக மனம் வருந்தினார்.

பீவா ஏரியில் இன்று பாஸையோ புளூகிலையோ பிடித்தால் திரும்ப ஏரியில் விடக் கூடாது. 2003 முதல் அப்படி ஒரு சட்டம். அமெரிக்காவில் விடுவது தர்மம். பீவாவில் விடாமலிருப்பது தர்மம். ஊருக்கு ஊர் நியாயம் மாறுகிறது, காரணத்தோடு.

நம் விராலும் தோமானும்

சென்ற மாதம் வகுப்பில் நன்னீர் மீன்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். தெலாப்பியா, கெலி, பி.பி. என்று எழுதிக் குவித்தார்கள். ஒரே ஒரு சிறுமி மட்டும் 'விரால்' என்று எழுதினாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது பாட்டி விரால் சாறு வைத்துக் கொடுத்தாராம்.

மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பது நம் விரால்தான். காயம் ஆற, பிள்ளை பெற்ற உடம்பு தேற விரால் கொடுப்பது மூன்று இனத்தாரும் கைக்கொள்ளும் வழக்கம். தோட்டத்து வாய்க்காலில், செம்பனைக் காட்டுக் கால்வாயில் நம் அப்பாக்கள் தவளைக் குட்டியைக் கோத்துப் பிடித்தது இதைத்தான். இதன் அண்ணன் தோமான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று பந்துபோல் திரண்டு மேலே வர, தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரித்துக் காக்கும் என்பது நம்மவர்களின் பழைய நம்பிக்கை. மீனாட்சி என்ற பெயருக்கே அப்படி விளக்கம் சொல்வார்கள். தோமானைப் பார்த்தவர்கள் அதை நம்பத்தான் செய்வார்கள். குஞ்சுக் கூட்டத்தின் மேல் பொய் இரையை வீசினால், பசியால் அல்ல, பிள்ளையைக் காக்கும் கோபத்தால் பாய்ந்து மாட்டிக்கொள்ளும். தாய் போனால் அந்தக் குஞ்சுகளின் கதி என்ன? மற்ற மீன்களுக்கு இரைதான்.

துணுக்குகள்

• உலகில் தூண்டிலால் பிடிக்கப்பட்டு எடை பதிவான மிகப் பெரிய கொடுவா 44 கிலோவுக்கு மேல். 2010இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிடிபட்டது.

• பி.பி.யின் வால் பொட்டு ஒரு பொய்க்கண். எது தலை, எது வால் என்று எதிரி குழம்பிப் போகும் என்கிறார்கள்.

• அமெரிக்காவின் புளோரிடாவில் 1984இல் அரசாங்கமே பி.பி.யை விட்டது. அங்கே ஏற்கெனவே பெருகிவிட்ட வேற்று நாட்டு மீன்களைத் தின்னட்டும் என்றுதான்!

• கிள்ளான் ஆற்றின் நீளம் சுமார் 120 கிலோமீட்டர். அதன் குப்பையை அள்ள 2019இல் சூரிய சக்தியில் இயங்கும் ஒரு மிதவைக் கருவி கிள்ளானில் நிறுத்தப்பட்டது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி, லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். விளையாடத் திடல் இல்லாத பிள்ளை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குட்டைக்குப் போனால் திட்டாதீர்கள். மூலைக் கடையில் கெட்ட சகவாசத்தோடு நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். பொறுமையும் கவனமும் அங்கே படியும். ஆனால் நான்கு விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்று, தனியாகப் போகக் கூடாது. நீரில் இறங்கவே கூடாது. ஈயக் குட்டை சாதாரணக் குளம் அல்ல. இரண்டடி எடுத்து வைத்தால் திடீரென்று பாதாளம். கீழே கால் புதையும் சேறு. நீச்சல் தெரிந்த பிள்ளைகளையும் அது விழுங்கியிருக்கிறது. மாட்டிக்கொண்ட ஒரு பொய் இரைக்காக நீரில் இறங்குவது உயிரை அடகு வைப்பதற்குச் சமம். இருபது வெள்ளி இரை போனால் போகட்டும்.

இரண்டு, ஒரு குட்டையில் பிடித்த மீனை இன்னொரு குட்டையிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால் ஆற்றில் 'புண்ணியத்துக்கு' விடுவதும் கூடாது. ஓர் உயிரைக் காப்பாற்றுவதாக எண்ணி ஆயிரம் உயிரை அழிக்கும் புண்ணியம் அது. பி.பி. மாட்டினால் திரும்ப விடாதீர்கள். விரால், தோமான் குஞ்சுகளோடு இருந்தால் தொடாதீர்கள். மிகப் பெரிய கொடுவா மாட்டினால், அது ஒரு தாய் என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்று, எல்லா மீனும் குழம்புக்கு ஆகாது. பி.பி.யின் சதை வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பொரித்தால் நல்ல சுவை. ஆனால் பழைய சுரங்கக் குட்டைகள் சிலவற்றில் ஆர்செனிக் போன்ற நச்சு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நகரத்தையும் தொழிற்சாலைகளையும் கடந்து வரும் ஆற்று மீனையும், சுரங்கக் குட்டை மீனையும் வாரந்தோறும் சமைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

நான்கு, கட்டணக் குளங்கள். நுழைவுக் கட்டணம் கட்டி மணிக்கணக்கில் தூண்டில் போடுவதில் தவறில்லை. ஆனால் பெரிய மீனுக்கு இவ்வளவு பரிசு என்று பந்தயம் வைத்து, போட்ட பணத்தை எடுக்க மறுபடி மறுபடி கட்டணம் கட்டி, சம்பள நாளன்றே பாதிச் சம்பளத்தைக் கரைத்துவிட்டு வருகிறவர்களை நான் அறிவேன். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். குளக்கரையில் நிற்கும்போது யார் தூண்டிலில் யார் மாட்டியிருக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் வேலை செய்த தோட்டத்துக் கால்வாயில் என்னென்ன மீன் இருந்தது, எதை எப்படிப் பிடித்தார்கள், எதை எந்த நோய்க்குச் சமைத்தார்கள் என்று பிள்ளைகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். தோட்டமே இல்லாமற் போன இடங்களில் அந்தக் கால்வாயும் இருக்காது. மீன்களின் பெயர்களாவது ஒரு நாலு வரி நோட்டுப் புத்தகத்தில் மிஞ்சட்டும். பின்னொரு நாள் அந்த மீன் ஏதாவது ஒரு குட்டையில் துள்ளும்போது, அது இன்னது என்று பெயர் சொல்லி அடையாளம் காட்ட ஒரு பிள்ளையாவது வேண்டும் அல்லவா?